இறந்த நண்பரின் நினைவுகளைத் திரட்டி வைப்பது எப்படி

பழைய நண்பர் ஒருவர் இறந்தால் அவரில் ஒரு பாதி அவருடைய வீட்டாரிடம் இருக்கிறது, மறு பாதி நண்பர்களிடம் இருக்கிறது. இருபது வயதில் அவர் எப்படி நடந்தார், யார் வந்தால் பேச்சை நிறுத்துவார், கடன் கேட்க எப்படிச் சுற்றி வளைப்பார் என்பவை எந்த ஆவணத்திலும் இல்லை. அந்தப் பாதியை யாரும் உங்களிடம் வந்து கேட்கமாட்டார்கள். நீங்களாகத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பதில் வேலையின் பாதி அடங்கியிருக்கிறது. சில பொருள்கள் வாரக்கணக்கில் அழியும், சில ஆண்டுக்கணக்கில் தாங்கும், சில நாம் தொடத் தொடக் கெடும். நம் ஞாபகம் அந்த மூன்றாவது வகை. அதனால் கைப்பேசியில் இருப்பதை முதலில் எடுங்கள். அடுத்து, பிறரோடு பேசுவதற்கு முன் உங்கள் தலையில் இருப்பதை எழுதுங்கள். மற்றவர்களிடம் கேட்பது அதற்குப் பின்தான். படங்களும் காகிதங்களும் கடைசியில் வந்தாலும் கெட்டுப்போகாது.

முதல் வாரம்: கைப்பேசி

செய்தி வந்த அன்றே தொடங்கத்தக்க வேலை இது ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் உங்கள் இருவருக்கும் இடையே 'மறையும் செய்திகள்' அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று மூன்று கெடுக்கள் உண்டு. இயங்கினால் நிறுத்துங்கள். நிறுத்தினாலும், அது இயங்கியபோது வந்த செய்திகள் கெடு முடிந்ததும் போய்விடும். எனவே அவற்றை அன்றே வெளியே எடுத்துவிட வேண்டும்.

பிறகு உரையாடலைத் தொடக்கம்வரை மேலே தள்ளிக்கொண்டு போய், மங்கலாக நிற்கும் படங்களையும் ஒலிச்செய்திகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இறக்குங்கள். இறக்காமல் விட்டவை நிறுவனத்தின் சேவையகத்தில் சில வாரங்கள்தான் இருக்கும். அதற்குப் பின் தொட்டால், அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லும்படி திரையில் வரும். அனுப்ப அவர் இல்லை. அப்படித் தவறிய படம் குழுவில் வேறு யாராவது ஒருவரிடம் இருக்கக்கூடும். தேதியைக் குறித்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்து ஏற்றுமதி. உரையாடலுக்குள்ளேயே, அமைப்புப் பட்டியலில், 'உரையாடலை ஏற்றுமதி செய்' என்று இருக்கும். படங்களோடு எடுத்தால் அண்மைய 10,000 செய்திகள் வரையும், படங்கள் இல்லாமல் எடுத்தால் 40,000 வரையும் வரும் என்பது நிறுவனம் சொல்லியிருக்கும் வரம்பு. ஆகவே இரண்டு முறையும் எடுத்து இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு உரையாடலாக இருந்தால் பழைய படங்கள் இதில் வராது. அவற்றைக் கைப்பேசியின் கோப்புறையிலிருந்து தனியே நகலெடுக்க வேண்டும்.

ஒலிச்செய்திகள்தான் இருப்பதிலேயே விலைமதிப்பானவை. முகம் பல இடங்களில் பதிவாகியிருக்கும், குரல் அப்படியில்லை. இவை பெரும்பாலும் 'ஓபஸ்' என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. அந்த மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாக் கருவியிலும் ஓடுவதற்காக எம்பி3 நகல் ஒன்றும் செய்துகொள்ளுங்கள். எம்பி3-ஐ வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலி கொஞ்சம் இழக்கப்படும். கோப்பின் பெயரில் தேதியும் இரண்டு மூன்று சொல்லில் விஷயமும் இருக்கட்டும். 'வழி கேட்டது', 'பிறந்தநாள் வாழ்த்து', 'கோபம்' என்பது போதும். பெயரில்லாத 200 ஒலிக்கோப்புகளை யாரும் திறந்து கேட்பதில்லை.

குரலைத் தேட இன்னும் ஓர் இடம் உண்டு. நண்பர் எப்போதும் படம் எடுப்பவராக இருந்திருந்தால் பழைய காணொளிகளில் அவர் தெரியமாட்டார். ஆனால் கருவிக்குப் பின்னாலிருந்து 'இப்படித் திரும்பு', 'கொஞ்சம் தள்ளி நில்லு' என்று சொல்லிக்கொண்டிருப்பார். 'இதில் அவர் இல்லை' என்று ஒதுக்கிய காணொளிகளைச் சத்தத்தோடு ஒருமுறை ஓடவிடுங்கள்.

வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் இருந்தால் பொதுவாக நீக்கப்படும். உங்கள் கைப்பேசியில் உள்ள உரையாடல் அப்போதும் இருக்கும். அவருடைய முகப்புப் படமும் தன்னைப் பற்றி எழுதிவைத்த அந்த ஒற்றை வரியும் போய்விடும். இப்போதே எடுத்து வையுங்கள். திரைப்பிடிப்பு தடுக்கப்பட்டால் இன்னொரு கைப்பேசியால் அந்தத் திரையைப் படம் பிடிக்கலாம்.

அவருடைய சொந்தக் கணக்குகள் வீட்டாருக்கு உரியவை. கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் உள்ளே போகாதீர்கள். தெரிந்ததை அவர்களிடம் சொல்லலாம். ஃபேஸ்புக் கணக்கை 'நினைவுக் கணக்கு' ஆக்கிவிட்டால் அதன்பின் கடவுச்சொல் உள்ளவர்கள்கூட நுழைய முடியாது. அதனால் நல்லெண்ணத்தில் நண்பர்கள் முந்திக்கொண்டு இறப்பைத் தெரிவித்துவிடக் கூடாது, எடுக்கவேண்டியதை வீட்டார் எடுத்த பிறகே அது நடக்க வேண்டும். 2 ஆண்டு பயன்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. இதுவும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாவது: யாரோடும் பேசுவதற்கு முன் தனியே எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். நண்பர்கள் கூடுகிறார்கள், பேசுகிறார்கள், யாரோ ஒருவர் கதையை நன்றாகச் சொல்கிறார். அந்த இரவுக்குப் பின் எல்லாருக்கும் அந்தக் கதைதான் ஞாபகம் இருக்கும். அதே சம்பவத்தை வேறு மூலையில் நின்று பார்த்தவரின் காட்சி கரைந்துவிடும். வெல்டன், பெல்லிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் இதைச் சோதித்தார்கள். குழுவாக உட்கார்ந்து நினைவுகூர்ந்தவர்களைவிட, அதே எண்ணிக்கையினர் தனித்தனியே நினைவுகூர்ந்து பிறகு சேர்த்தபோது கூடுதலாகவே கிடைத்தது. ஒருவர் பேச்சு இன்னொருவரின் தேடலை இடைமறித்துவிடுகிறது. கூடிப் பேசுவதில் ஆறுதல் இருக்கிறது, அதைத் தவிர்க்க வேண்டாம். அதற்கு முன் உங்கள் பங்கைத் தாளில் இறக்கிவிடுங்கள்.

தினம் 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள். இந்த அளவு ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. துயரமான அனுபவத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே மனம் கனத்துத்தான் எழுந்தார்கள், பலன் பிந்தித்தான் தெரிந்தது. உங்களுக்கும் அப்படியே இருக்கும். அதனால் தூங்கப்போகும் நேரத்தில் எழுத வேண்டாம். எழுதிய பிறகு ஒரு மணி நேரமாவது வேறு வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் அட்டைக்கு ஒரே சம்பவம். ஏ6 அளவு, அதாவது அஞ்சலட்டை அளவு போதும். நோட்டுப் புத்தகத்தில் தொடர்ச்சியாக எழுதினால் பின்னால் வரிசை மாற்ற முடியாது. அதோடு ஒரு நினைவிலிருந்து அடுத்ததற்குப் பாலம் கட்டுவதற்காக இல்லாததை நிரப்ப வேண்டியிருக்கும். முதல் நாளில் எல்லாருக்கும் தெரிந்த, பலமுறை சொல்லித் தேய்ந்த கதைகள்தான் வரும். மூன்றாம் நாள் வாக்கில்தான், சொல்லவே தகுதியில்லை என்று இதுவரை விட்டிருந்த சின்னச் சின்ன விஷயங்கள் மேலே வரும். உங்களுக்கு வேண்டியவை அவையே.

ஞாபகத்தை எதைக் கொண்டு தூண்டுவது? ஆண்டைக் கொண்டு தூண்டினால் வராது. டச்சு உளவியலாளர் வில்லெம் வாகனார் 6 ஆண்டுகள் தன் அன்றாட நிகழ்வுகளைக் குறித்துவைத்து, பிறகு தன்னையே சோதித்து 1986-இல் வெளியிட்டார். என்ன நடந்தது என்ற குறிப்பு அவருக்கு மிக அதிகம் கைகொடுத்தது. எப்போது என்பதை மட்டும் வைத்துத் தேடியபோது ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆகவே '1995-இல் என்ன செய்தோம்' என்று யோசிக்காதீர்கள். இப்படிக் கேட்டுப்பாருங்கள்: அவர் கதவை எப்படித் தட்டுவார்? தொலைபேசியில் முதல் சொல் என்ன? உங்களை என்ன பெயரில் கூப்பிட்டார், அந்தப் பெயர் எப்படி வந்தது? பொய் சொல்லும்போது கை என்ன செய்யும்? பணத்தை எங்கே வைத்திருப்பார்? எதைக் கண்டு பயந்தார்? எந்தச் சொல்லைத் தப்பாக உச்சரித்தார்? யாருடைய பேச்சை அப்படியே நடித்துக் காட்டுவார்?

வார்த்தை வராதபோது வரையுங்கள். நீங்கள் இருவரும் அதிகம் இருந்த ஓர் அறையின் தரைப்படத்தைப் போட்டு, கதவு எங்கே, அவர் உட்காரும் இடம் எது, செருப்பு எங்கே கிடக்கும், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று குறியுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை. சன்னலைக் குறிக்கும்போதே அந்தச் சன்னலில் நடந்தது ஒன்று நினைவுக்கு வரும்.

ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஓர் எழுத்து போடுங்கள். நேரில் கண்டதற்கு 'க', அவரே சொன்னதற்கு 'அ', பிறர் சொல்லிக் கேட்டதற்கு 'பி'. பத்து ஆண்டு கழித்து இந்த மூன்றும் உங்கள் தலையில் ஒன்றாகிவிடும், கேட்ட கதையைக் கண்டதாகவே நம்புவீர்கள். ஆண்டு உறுதியில்லையென்றால் 'தேர்வுக்குப் பின், நான் வேலை மாறுவதற்கு முன், 1994-க்கும் 1996-க்கும் இடையில்' என்று வேலி போட்டு எழுதுங்கள். ஊகத்தில் போட்ட ஓர் ஆண்டு, எழுதப்பட்டுவிட்ட காரணத்தாலேயே உண்மையாகிவிடும்.

கடைசி நாட்களுக்குத் தனி அட்டை. நோயில் மெலிந்த உருவமோ இறுதியாகப் பார்த்த முகமோ பல மாதங்களுக்கு மற்ற எல்லா முகங்களையும் மறைத்து நிற்கும். அதைத் தவிர்க்கப் பார்த்தால் மேலும் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை முழுதாக எழுதி, காலவரிசையில் அதற்குரிய கடைசி இடத்தில் வைத்துவிடுங்கள். பிறகு மேலேயிருந்து எடுக்கும்போது முதலில் கைக்கு வருவது பழைய அட்டையாக இருக்கும்.

மனஸ்தாபத்தில் பிரிந்திருந்தவர் இறந்துபோனால் எழுதுவது கடினம், ஆனால் அங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது. சண்டையை ஒரே அட்டையில், யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள். யார் பக்கம் நியாயம் என்ற வரி வேண்டாம். அந்த வரியை எழுதத் தொடங்கினால் மற்ற அட்டைகள் எல்லாம் வழக்குக்குச் சாட்சிகளாக மாறிவிடும்.

மூன்றாவது: மற்றவர்களிடம் கேட்பது

மூத்தவர்களிடமும் உடல்நலம் குன்றியவர்களிடமும் முதலில் போங்கள். அடுத்து, உங்களுக்கு முன்பே அவரை அறிந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே. இருவரை ஒன்றாக வைத்துப் பேசினால் மேலே சொன்ன குறுக்கீடு நடக்கும், அதோடு கூச்சமுள்ளவர் வாயே திறக்கமாட்டார்.

பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், யார் யார் கேட்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துணியின்மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் வையுங்கள். வெறும் மேசைமேல் வைத்தால் ஒவ்வொரு தட்டலும் இடியாக விழும். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் பதிந்து கேட்டுப்பாருங்கள். 45 நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் அதற்குமேல் களைத்துவிடுவார், களைத்தவர் பொதுவான புகழ்ச்சிக்குப் போய்விடுவார்.

'அவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் 'நல்ல மனுஷன்' என்று பதில் வரும். தப்பு அவர்மேல் இல்லை, கேள்வி அப்படி. 'முதல்முதலில் எங்கே பார்த்தீர்கள், அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்' என்று கேளுங்கள். 'உங்களுக்கும் அவருக்கும் ஒத்துவராத விஷயம் எது' என்பது இன்னும் நல்ல கேள்வி. பதில் நின்றதும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் மனதுக்குள் ஏழு எண்ணுங்கள். நின்ற இடத்துக்கு அடுத்து வருவதுதான் பெரும்பாலும் அவர் இதுவரை யாரிடமும் சொல்லாதது. அழுதால் கருவியை நிறுத்திவிட்டு அருகில் இருங்கள். மறுபடி தொடங்கலாமா என்று அவரே சொல்லட்டும்.

இருவர் சொன்னது முரண்பட்டால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். 'இல்லை, அன்று அப்படி நடக்கவில்லை' என்று திருத்தினால் அவர் அதன்பின் உங்களுக்குப் பிடித்த மாதிரியே சொல்லத் தொடங்குவார்.

வீட்டாரோடு

நண்பரின் துக்கத்துக்கு விடுப்பு கிடையாது, முன்வரிசையும் கிடையாது. துயரத்தை ஆராய்ந்த கென்னத் டோகா 1989-இல் இந்த வகைத் துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' எனலாம். முப்பது ஆண்டு நண்பர்கூட வீட்டு வாசலில் 'தெரிந்தவர்' ஆக நிற்க நேரிடும். அந்த மனக்குறையை வீட்டாரிடம் கொண்டுபோகாதீர்கள். அவர்களிடம் கொண்டுபோக வேறொன்று உங்களிடம் இருக்கிறது.

ஒரு கடிதம் எழுதுங்கள். முதல் வாரத்தில் வேண்டாம், அப்போது எதுவும் மண்டையில் ஏறாது. ஒரு மாதம் கழியட்டும், வருகிறவர்கள் குறைந்து வீடு அமைதியாகியிருக்கும். கையெழுத்தில், ஒரு பக்கம். அதில் அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத மூன்று சம்பவங்கள். பெற்றோருக்கு எழுதினால் அவர்கள் பிள்ளை வெளியூரில் தனியாக இருந்தபோது எப்படி இருந்தார் என்பது. பிள்ளைகளுக்கு எழுதினால் அவர்கள் பிறப்பதற்கு முந்தைய அப்பா அல்லது அம்மா. மனைவிக்கோ கணவனுக்கோ எழுதினால், அவர்களைப் பற்றி அவர் உங்களிடம் பேசியது. ஆறுதல் வாசகமும் அறிவுரையும் வேண்டாம். 'பதில் எழுத வேண்டியதில்லை' என்று முடியுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கடிதம் அவர்களுக்கு இன்னொரு கடனாகிவிடும்.

நண்பர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியங்கள் என்ன ஆவது? அவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் இதை நீங்கள் சொல்ல விட்டிருப்பாரா என்று பாருங்கள். விட்டிருக்கமாட்டார் என்றால் அட்டையில்கூட எழுத வேண்டாம். உங்கள் காலத்துக்குப் பின் அட்டைகள் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தற்கொலையாக இருந்தால், எப்படி என்பதையும் ஏன் என்ற ஊகத்தையும் எங்கும் எழுதாதீர்கள், பேசாதீர்கள். ஒற்றைக் காரணம் சொல்லிவிட்டால் அதன் பாரம் வீட்டில் யாரோ ஒருவர் தலையில் இறங்கும்.

நான்காவது: படங்களும் காகிதங்களும்

இங்கே அவசரம் இல்லை, கவனம் வேண்டும்.

4×6 அங்குலப் படங்களை 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்யுங்கள். 2400×3600 புள்ளிகள் கிடைக்கும், இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவாக இருக்கும். அடையாள அட்டை அளவுச் சிறு படங்களுக்கு 1200. பழைய படச்சுருளின் நெகடிவ் கிடைத்தால் அதுவே மேல், 2400 முதல் 4000 வரை வையுங்கள். மூலப்பிரதி டிஃப் வடிவில், அனுப்புவதற்கான நகல் ஜேபெக் வடிவில். தூரத்திலிருக்கும் நண்பர்கள் அனுப்புவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைக்கச் சொல்லுங்கள். படமாக வந்தால் சுருங்கிவரும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துபோகும்.

மங்கிய முகங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் துலக்காதீர்கள். அது தெளிவாக்குவதில்லை, பொருத்தமான ஒரு முகத்தைத் தானே உருவாக்கி ஒட்டுகிறது. கண்ணும் பல்வரிசையும் வேறு யாருடையதோ. ஆசைக்குச் செய்தாலும் மூலத்தோடு கலந்து வைக்காமல் தனிக் கோப்புறையில் போடுங்கள்.

ஒட்டும் பக்கங்களும் மேலே நெகிழித்தாளும் கொண்ட பழைய ஆல்பங்களில் படம் பசையோடு இறுகியிருக்கும். இழுத்தால் கிழியும். முதலில் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே நுழைத்து அறுப்பதுபோல மெல்ல இழுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுக்கும், பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைதான் சரி. ஒட்டுநாடா மஞ்சளாகிக் காகிதத்தை அரிக்கும். லாமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்க வழியே இல்லை. வெப்ப அச்சில் வந்த ரசீதும் பயணச்சீட்டும் தானாகவே வெளுக்கும், அவற்றை இன்றே நகலெடுங்கள்.

படத்தின் பின்புறம் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். 6பி போன்ற மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். கூட்டமாக நிற்கும் படமென்றால் ஊடுதாளை மேலே வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை வரைந்து எண்ணிட்டு, பெயர்களைத் தனித்தாளில் எழுதி இரண்டையும் ஒரே உறையில் போடுங்கள். பெயர் தெரியாத தலைக்குக் கேள்விக்குறி போட்டு அடுத்தவரிடம் காட்டுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. படம் ஐம்பது ஆண்டு இருக்கும், அதில் நிற்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் அவ்வளவு நாள் இருக்கமாட்டார்கள்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். தெரியாத இடத்தில் 00: '1996-06-00_படகுத்துறை_நால்வர்'. தானாகவே காலவரிசையில் நிற்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு வீட்டில். பென் டிரைவை மட்டும் நம்ப வேண்டாம், மின்சாரம் காணாமல் பல ஆண்டு கிடந்தால் அதிலுள்ள பதிவு தேய்ந்துபோகலாம்.

அவருடைய பொருள் ஏதேனும் வீட்டார் தாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்குவதாக இருந்தால் ஒன்றே ஒன்று, விலை இல்லாதது. வந்த அன்றே ஒரு சீட்டு எழுதி அதோடு கட்டுங்கள்: என்ன பொருள், யாரிடமிருந்து எப்போது வந்தது, அவர் அதை எதற்குப் பயன்படுத்தினார். சீட்டு இல்லாத கைக்கடிகாரம் உங்களுக்கு அடுத்த தலைமுறையில் ஓடாத பழைய கடிகாரம், அவ்வளவுதான். உடை என்றால் துவைக்குமுன் யோசியுங்கள், மணம் போனால் திரும்பாது. காற்றுப்புகாத பையில் வைத்தால் சில காலம் தாங்கும்.

எழுதுவது

அட்டைகளைத் தரையில் பரப்புங்கள். பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் வரிசை இரங்கல் செய்திக்கு உரியது, அதை வீட்டார் எழுதியிருப்பார்கள். நீங்கள் அவரை முழுதாக அடையாளம் காட்டும் ஒரு பழக்கத்தில் தொடங்குங்கள். 1,000 முதல் 1,500 சொல் போதும். அதில் ஏழெட்டு அட்டைகளுக்குமேல் இடம்பெறாது, மற்றவை பெட்டியில் இருக்கட்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, அவனா, அவளா, அவரா என்பது. வாழ்நாள் முழுக்க 'டேய்' என்று கூப்பிட்டவனை இறந்த மறுநாள் 'அவர்' என்று எழுதினால் பக்கத்தில் வேறு யாரோ வந்து நிற்பார். அட்டைகளில் வாயில் வந்த மாதிரியே எழுதுங்கள். சபையில் வாசிக்கும் கட்டுரை, வயதில் இளையவர்கள் கேட்பார்கள் என்றால் 'அவர்' பொருந்தும். எதுவானாலும் நடுவில் மாற்றாதீர்கள். பேச்சை மேற்கோளாகத் தரும் இடங்களில் மட்டும் பழைய 'டா'வை அப்படியே விடுங்கள், கேட்பவர்களுக்கு உயிர் அங்கேதான் தெரியும்.

அடுத்து வினைமுற்று. தமிழில் 'வருவார், உட்காருவார், சிரிப்பார்' என்பது அவருடைய பழக்கத்தையும் சொல்லும், இனி நடக்கப்போவதையும் சொல்லும். இறந்தவரைப் பற்றி எழுதும்போது இந்த வடிவம் தானாகவே கைக்கு வரும், அவர் நாளைக்கும் வருவார் என்பதுபோலக் கேட்கும். அதன் இதம் பெரிது. ஆனால் தொடர்ந்து பத்து 'வார்' வந்தால் எல்லா நாளும் ஒரே நாளாகி ஆள் மங்கிவிடுவார். இரண்டு மூன்றுக்கு ஒருமுறை ஒரு குறிப்பிட்ட நாளுக்கு இறங்குங்கள்: 'அன்று மட்டும் வரவில்லை.' இறந்தகால வினையில்தான் சம்பவம் நடக்கும்.

'ஈடுசெய்ய முடியாத இழப்பு', 'பழகுவதற்கு இனிமையானவர்', 'என்றும் சிரித்த முகம்' ஆகியவற்றை அடித்துவிடுங்கள். பொய் என்பதற்காக இல்லை, எந்த நண்பருக்கும் பொருந்துபவை என்பதற்காக. 'உதவும் குணம் கொண்டவர்' என்று எழுதியிருந்தால் அதற்கு அடியிலுள்ள காட்சியைத் தேடுங்கள். 'என் விடைத்தாள்கள் மழையில் நனைந்தபோது ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் விரித்து, பறக்காமலிருக்கத் தன் செருப்பையும் என் செருப்பையும் மேலே வைத்தான்.' இதற்குப் பிறகு குணத்தைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டியதில்லை. 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' வேண்டாம், 'இறந்தார்' போதும்.

ஒரு குறையாவது இருக்க வேண்டும். எல்லாரும் அறிந்த, யாரையும் புண்படுத்தாத குறை: நேரம் தவறுதல், வாங்கிய புத்தகத்தைத் திருப்பாமை, தோற்றால் முகம் தூக்குதல். வீட்டார் சிரிப்பது அந்த இடத்தில்தான், ஏனென்றால் அவர்களுக்கும் அதே ஆள்தான் தெரியும். கடைசி மரியாதையாகக் குறையை நீக்கிவிட்டால், அவர்களிடம் இருப்பவரும் உங்களிடம் இருப்பவரும் ஒன்று சேரமாட்டார்கள்.

முடித்ததும் வாய்விட்டு வாசியுங்கள். குரல் உடையும் இடம் தெரிந்துவிடும். அங்கே ஒரு கோடு போட்டு, அதற்கு முன் மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். சபையில் மூன்று நிமிடம்தான் என்றால் ஏறக்குறைய 300 சொல். அதற்குமேல் போனால் வெட்டுங்கள்.

ஆண்டுதோறும்

கூட்டம் நடத்துவதானால் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும். ஒவ்வொருவரும் ஒரு சம்பவத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரட்டும். முதல் சுற்றில் வாசிப்பு மட்டும், இடையில் யாரும் பேசக் கூடாது. அதன்பிறகு பேச்சைத் திறந்துவிடுங்கள். இறந்த தேதியைவிட உங்கள் நட்புக்கென்று இருந்த ஒரு தேதி நல்லது. இறந்த தேதி வீட்டாருக்கு உரியது, அன்று அவர்களோடு இருப்பதே முறை.

தனியாகச் செய்வதானால் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்: புதிதாக நினைவுக்கு வந்த ஒன்றை அட்டையில் எழுதுவது, கோப்புகள் மூன்று பிரதியிலும் திறக்கின்றனவா என்று பார்ப்பது, அவரை அறிந்த ஒருவருக்குத் தொலைபேசி செய்வது. பழைய அட்டையைத் திருத்தாதீர்கள். இப்போது வேறு மாதிரி நினைவிருந்தால் அதைத் தேதியிட்ட புது அட்டையில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பழையதற்கே மதிப்பு அதிகம்.

இறந்தவரோடுள்ள உறவை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் உளவியலில் சொல்லிவந்தார்கள். 1996-இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் அதை மறுத்து, உறவு வேறு உருவில் தொடர்வதே பலருக்கும் இயல்பு என்று காட்டினார்கள். ஆகவே பெட்டியைத் திறந்து உட்காருவதில் தவறில்லை. ஆனால் பல மாதங்களாகியும் அன்றாட வேலை நடக்காமல், உறக்கமும் உணவும் கெட்டு, ஏக்கம் ஒரு துளியும் குறையாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீடித்த துயரத்தைத் தனி நோய்நிலையாக அடையாளம் காண உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு 6 மாதத்தையும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறியும் கையேட்டின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதத்தையும் குறைந்த அளவாக வைக்கின்றன. தானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் எந்த மாதக் கணக்கும் பார்க்காமல் அன்றே உதவி தேடுங்கள்.

ஒரு சிறு வேலை பாக்கி. அவருடைய தொலைபேசி எண் சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் தொடர்புப் பட்டியலில் எண் அப்படியே இருந்தால், ஒருநாள் நண்பரின் பெயருக்கு நேரே முன்பின் தெரியாத முகம் வந்து நிற்கும். ஏற்றுமதி முடிந்த பிறகு அந்த எண்ணைத் தொடர்பின் குறிப்புப் பகுதிக்கு மாற்றிவிட்டு, எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விடுங்கள். உரையாடலின் தலைப்பில் பெயர் போய் எண் மட்டும் நிற்கும். பட்டியலில் அவர் பெயர் அதே எழுத்தின்கீழ், அதே இடத்தில் இருக்கும்.